எதிர்காலத்தைக் கட்டப் பணமில்லாத படங்கள்: குறைந்த செலவு அறிவியல் புனைவும் அதன் அரசியலும்

அறிவியல் புனைவுத் திரைப்படம் என்றதும் விண்கலங்களும் வேற்றுக் கோள்களும் கணினியில் எழுப்பிய மாநகரங்களுமே பெரும்பாலோருக்கு நினைவில் வருகின்றன. இவையெல்லாம் பெரும்பணம் கேட்பவை என்பதால், இவ்வகைப் படம் பெரும் படநிறுவனங்களால் மட்டுமே எடுக்கக்கூடியது என்ற எண்ணமும் உடன் ஊன்றிவிட்டது. எனினும் கடந்த எழுபது ஆண்டுகளில் அரசியல் கூர்மைக்காக இன்றளவும் விவாதிக்கப்படும் அறிவியல் புனைவுப் படங்களை வரிசைப்படுத்தினால், அவற்றில் கணிசமானவை ஒரு செட் போடவும் வழியில்லாதவர்களால், சில வேளைகளில் சம்பளமே இல்லாத நடிகர்களைக் கொண்டு, எடுக்கப்பட்டவை என்பது தெரியவரும். பணமின்மைக்கும் அரசியல் கூர்மைக்கும் இடையே உள்ள இந்த உறவு தற்செயலானதா, அல்லது ஒன்று மற்றொன்றைத் தோற்றுவிக்கிறதா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

குறைந்த செலவு என்பது நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறும் அளவு. ஹாலிவுட்டில் மூன்று கோடி டாலர் சிக்கனமான தொகை; நைரோபியிலோ யாவுண்டேயிலோ அது ஒரு தலைமுறையே படமெடுக்கப் போதுமான தொகை. ஆகவே இங்கு அச்சொல், கதையில் வரும் உலகத்தைச் செயற்கையாக உருவாக்கும் வசதி இல்லாமல், கையில் கிடைத்த இடங்களையும் ஆட்களையும் பொருள்களையும் கொண்டே அவ்வுலகத்தைக் காட்ட வேண்டியிருந்த படங்களைக் குறிக்கிறது. இந்தக் கட்டாயத்திலிருந்துதான் அவற்றின் அரசியல் பெரிதும் பிறக்கிறது என்று கருத இடமுண்டு. எதிர்காலத்தைக் கட்டிக் காட்ட முடியாத இயக்குநர் கேமராவை நிகழ்காலத்தின் தெருவில்தான் வைத்தாக வேண்டும். அங்கே யார் குடியிருக்கிறார்கள், யார் விரட்டப்பட்டார்கள், யாருக்குக் காவலர் அஞ்சுகிறார், யாரைக் கண்டால் லத்தியை எடுக்கிறார் என்பதெல்லாம், இயக்குநர் அழைத்தாலும் அழைக்காவிட்டாலும், சட்டகத்துக்குள் வந்துவிடுகின்றன.

இதற்கு மாறான வழி ஒன்றும் உண்டு: ஒன்றைச் சொல்லி மற்றொன்றை உணர்த்தும் உருவகம். 1956இல் டான் சீகல் சுமார் நான்கு இலட்சம் டாலரில் எடுத்த ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்நாட்சர்ஸ்’ அதற்குப் பெயர்பெற்ற சான்று. கலிபோர்னியாவின் சிற்றூர் ஒன்றில், விண்ணிலிருந்து வந்த விதைக்கூடுகள் உறங்கும் மனிதர்களை நகலெடுக்கின்றன. நகல்கள் எல்லா வகையிலும் அசலைப்போலவே இருந்தாலும் அவற்றுக்கு உணர்ச்சி மட்டும் கிடையாது. அமெரிக்காவுக்குள் கம்யூனிசம் ஊடுருவுகிறது என்ற அச்சத்தைப் படம் சொல்வதாக ஒரு சாராரும், அந்த அச்சத்தைக் காட்டி அண்டை வீட்டாரையே ஐயுற வைத்த மெக்கார்த்தி காலத்து வேட்டையைச் சாடுவதாக மற்றொரு சாராரும் இன்றுவரை வாதிடுகின்றனர். படநிறுவனமோ, முடிவு மிக இருண்டது என்று கருதி, நம்பிக்கை தரும் மருத்துவமனைக் காட்சிகளை முன்னும் பின்னும் ஒட்டவைத்தது. இரு தரப்பும் தமக்கு ஏற்றபடி பொருள்கொள்ளும் இந்நிலையைப் படத்தின் வளமாகக் கருதுவோர் பலர். ஆனால் யாரைக் குற்றம் சாட்டுகிறது என்பதே தெளிவாகாத ஒரு குற்றச்சாட்டு எவரையும் சுடுவதில்லை என்பதையும் மறுக்க முடியாது. ஊர் எந்த ஊராகவும் இருந்திருக்கலாம் என்பதே இதற்குக் காரணம்.

பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கரின் ‘லா ஜெத்தே’ (1962) இதிலிருந்து முற்றிலும் விலகி நிற்கிறது. 28 நிமிடம் ஓடும் அப்படம் ஏறத்தாழ முழுவதும் அசையாத புகைப்படங்களால் ஆனது. உறக்கத்திலிருந்து விழிக்கும் ஒரு பெண் கண் சிமிட்டும் சில நொடிகள் மட்டுமே அதில் அசைகின்றன. மூன்றாம் உலகப் போரில் பாரிஸ் அழிந்துவிட, எஞ்சியோர் நிலத்தடியில் வாழ்கின்றனர். வென்றவர்கள் கைதிகளைக் காலத்தின் ஊடே அனுப்பிப் பரிசோதிக்கின்றனர். காலப் பயணத்துக்கு இங்கு எந்திரம் என்று எதுவும் இல்லை. வலைத்தொட்டிலில் கிடத்தப்பட்ட ஒரு மனிதன், அவன் கண்களைக் கட்டிய பட்டை, அதிலிருந்து செல்லும் கம்பிகள், கையில் ஏறும் ஊசி, காதருகே ஜெர்மன் மொழியில் முணுமுணுப்பு ஆகியவையே மொத்த ஏற்பாடும். பாரிஸ் மீதான நாஜி ஆதிக்கத்தை நேரில் கண்ட பார்வையாளருக்கு அம்முணுமுணுப்பு போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் கட்டிக் கிடத்தப்பட்ட கைதியின் உடலில் கம்பிகளைப் பொருத்துவது 1962இல் பழைய நினைவாக மட்டும் இருக்கவில்லை. அல்ஜீரியாவில் பிரெஞ்சு இராணுவம் கைதிகளுக்கு மின்சாரம் பாய்ச்சிச் சித்திரவதை செய்ததை, தானே அதற்கு ஆளான ஆன்ரி அலெக் 1958இல் நூலாக எழுதியிருந்தார். அரசு அந்நூலைப் பறிமுதல் செய்திருந்தது. 1961 அக்டோபரில் பாரிஸின் தெருக்களிலேயே அல்ஜீரிய ஊர்வலத்தினரைக் காவல்துறை கொன்றிருந்தது. ஆப்பிரிக்கச் சிற்பங்களைப் பற்றி அலென் ரெனேயுடன் சேர்ந்து எடுத்த படம் தணிக்கையில் சிக்கி ஆண்டுக்கணக்கில் முடங்கியதை மார்க்கர் அறிந்தவர். அல்ஜீரியா என்ற பெயரைப் படம் உச்சரிப்பதே இல்லை. சித்திரவதை நடக்கும் இடமாக அது பாரிஸையே காட்டுகிறது.

மூன்றாண்டுகளுக்குப் பின் ழான்-லுக் கோதார் எடுத்த ‘ஆல்ஃபாவில்’ (1965) இவ்வழியை நகரம் முழுவதற்கும் விரித்தது. கதைப்படி அது வேறொரு விண்மண்டலத்தின் தலைநகர். ஆல்ஃபா 60 என்ற கணினி அதை ஆள்கிறது. படத்திலோ ஒரு செட்டும் இல்லை, தந்திரக் காட்சி என்று சொல்லத்தக்கதும் இல்லை. அன்று புதிதாக எழுந்துகொண்டிருந்த கண்ணாடிக் கட்டடங்கள், நீண்ட தாழ்வாரங்கள், விடுதிக் கூடங்கள் ஆகியவற்றை ஒளிப்பதிவாளர் ரவுல் கூத்தார் இரவில், கூடுதல் விளக்குகளை இயன்றவரை தவிர்த்து, அதிக ஒளியுணர்வுள்ள ஃபிலிமில் படமாக்கினார். கணினியின் குரல்கூட ஒலிக்கூடத் தந்திரத்தால் செய்யப்பட்டதன்று. குரல்வளையை இழந்து செயற்கைக் கருவியின் துணையோடு பேசும் ஒரு மனிதரின் குரலே அது. மனைவி இறந்தபோது அழுதவன் நீச்சல்குளத்தின் விளிம்பில் நிறுத்திச் சுடப்படுகிறான், நீரில் விழுந்த உடலை நோக்கி நீச்சல் உடைப் பெண்கள் அழகாகப் பாய்கின்றனர், பார்த்திருந்தோர் கைதட்டுகின்றனர். கொலையைத் திறமையான நிர்வாகமாகவும் கேளிக்கையாகவும் மாற்றும் ஓர் ஆட்சிக்கு எதிர்காலம் வரை காத்திருக்க வேண்டியதில்லை, அதற்கான கட்டடங்கள் ஏற்கெனவே எழுந்துவிட்டன என்பதே கோதார் அன்றைய பிரான்சுக்கு விடுத்த எச்சரிக்கை.

பிரிட்டிஷ் இயக்குநர் பீட்டர் வாட்கின்ஸ் இடத்தோடு வடிவத்தையும் கடன் வாங்கினார். நடக்காத ஒன்றை நடந்ததுபோலச் செய்திப்பட நடையில் காட்டுவது, அதாவது போலி ஆவணப்படம், அவருடைய முறை. கென்ட் மாவட்டத்தின் மீது அணுகுண்டு விழுந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டிய ‘தி வார் கேம்’ (1965) படத்தைத் தயாரித்த பிபிசியே அதை 1985 வரை ஒளிபரப்ப மறுத்தது. பின்னர் அமெரிக்கா சென்று எடுத்த ‘பனிஷ்மென்ட் பார்க்’ (1971) படத்தில், வியட்நாம் போரை எதிர்த்த இளைஞர்கள் அவசரகால நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்படுகின்றனர். சிறைக்குப் பதிலாகக் கலிபோர்னியாப் பாலைவனத்தில் 53 மைல் நடந்து ஓர் அமெரிக்கக் கொடியை மூன்று நாளுக்குள் தொட்டால் விடுதலை என்ற வாய்ப்பு அவர்களுக்குத் தரப்படுகிறது. இங்கு கற்பனை மிகச் சிறிது: சந்தேகத்துக்குரியோரை அவசரநிலையில் அடைத்துவைக்க 1950ஆம் ஆண்டின் மெக்காரன் சட்டம் உண்மையிலேயே வழிவகுத்திருந்தது. தொழில்முறை அல்லாத நடிகர்கள் பெரிதும் தத்தம் சொந்த அரசியல் கருத்துகளையே பேசினர். எனவே நீதிமன்றக் கூடாரத்தில் எழும் கோபத்தில் நடிப்பு எது, உண்மை எது என்று பிரிப்பது கடினம்.

கிழக்கு ஐரோப்பாவில் தணிக்கையே முதன்மைத் தடையாக இருந்ததால், அங்கு உருவகத்தின் பயன் வேறு. போலந்தின் பியோத்தர் ஷுல்கின் எடுத்த ‘உலகங்களின் போர்: அடுத்த நூற்றாண்டு’ படத்தில், 1999ஆம் ஆண்டின் இறுதியில் நட்புறவோடு வரும் செவ்வாய்க் கோளினருக்கு மக்கள் இரத்தம் கொடுக்க வேண்டும், அதை மகிழ்ச்சியோடு கொடுக்கும்படி தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஒருவர் சொல்ல வைக்கப்படுகிறார். படம் 1981இல் முடிந்தது; அவ்வாண்டு டிசம்பர் 13 அன்று நாட்டில் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது; போலந்துத் தொலைக்காட்சியின் செய்தி வாசிப்பாளர்கள் இராணுவச் சீருடையில் தோன்றினர். படம் 1983இல்தான் வெளியிடப்பட்டது. பார்வையாளருக்கு விளக்கம் தேவைப்படாத அளவுக்கு நாடே படத்தைப்போல் ஆகிவிட்ட பின், அதில் மறைபொருள் என்று எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

ரீகன் கால நியூயார்க்கில் அடுத்தடுத்து இரு படங்கள் இம்மரபை வேறு கைகளுக்குக் கொண்டுசென்றன. லிஸ்ஸி போர்டன் ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 40,000 டாலருக்கு 16 மி.மீ. ஃபிலிமில் முடித்த ‘பார்ன் இன் ஃபிளேம்ஸ்’ (1983), அமைதியான சோஷலிசப் புரட்சி ஒன்று வென்று பத்தாண்டு கழிந்த பின் நிகழ்கிறது. தெருக்கள் எவ்விதத்திலும் மாறவில்லை. பெண்கள் வேலையிலிருந்து முதலில் நீக்கப்படுவதும் வீதியில் தாக்கப்படுவதும் மாறவில்லை. செலவின்மையால் மாற்ற முடியாமல் போன அதே தெருக்களே, புரட்சிக்குப் பின்னும் பெண்களுக்கு ஒன்றும் மாறவில்லை என்ற வாதத்துக்குச் சான்றாகிவிடுகின்றன. தாக்கப்படும் பெண்ணைச் சூழ்ந்து, ஊதல்களை ஊதியபடி மிதிவண்டிகளில் பெண்கள் பாய்ந்துவரும் காட்சியும், கறுப்பினப் போராளி அடிலெய்ட் நோரிஸ் காவலில் இறக்க அரசு அதைத் தற்கொலை என்று அறிவிக்கும் பகுதியும் கற்பனை என்றே தோன்றாத வகையில் எடுக்கப்பட்டுள்ளன.

ஜான் செய்ல்ஸின் ‘தி பிரதர் ஃப்ரம் அனதர் பிளானட்’ (1984) அடுத்த ஆண்டு வந்தது. மேதைமைக்காக மெக்கார்தர் அறக்கட்டளை வழங்கிய நிதியின் ஒரு பகுதியும் அதில் செலவிடப்பட்டது. வேற்றுக் கோளிலிருந்து தப்பிவந்த ஓர் அடிமை, குடியேறிகள் ஒரு காலத்தில் வரிசையில் நின்ற எல்லிஸ் தீவில் விழுகிறான். பார்வைக்கு அவன் ஒரு கறுப்பினத்தவன்; காலில் மூன்று விரல்கள் என்பதும் பேச வராது என்பதும் மட்டுமே வேறுபாடு. ஹார்லெம் அவனை ஏற்றுக்கொள்ள அதிக நேரம் எடுப்பதில்லை. பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பவனிடம் எல்லோரும் மனத்தைத் திறக்கின்றனர். விரைவு ரயில் ஹார்லெமை நெருங்கும்போது, அவனுக்குச் சீட்டு வித்தை காட்டும் இளைஞன், ரயிலில் உள்ள வெள்ளையர் அனைவரையும் மறையச் செய்வதாகச் சொல்கிறான். அடுத்த நிறுத்தத்தில் அவர்கள் அனைவரும் இறங்கிவிடுகின்றனர். அந்த வித்தைக்கு ஒரு காசும் செலவாகவில்லை, அதை நியூயார்க்கின் இனப் பிரிவினையே நடத்திக் கொடுக்கிறது. இத்தனை படங்களிலும் இவ்வளவு சுருக்கமாகவும் துல்லியமாகவும் அமைந்த தந்திரக் காட்சி வேறொன்று இல்லை.

இவ்வழியின் உச்சம் என்று சொல்லத்தக்க படம் பிரேசிலில் எடுக்கப்பட்டது. ஆதிர்லி கேய்ரோஸின் ‘பிராங்கோ சாய், பிரெத்தோ ஃபிகா’ (2014), தலைநகர் பிரேசிலியாவின் புறநகரான செய்லாண்டியாவில் நிகழ்கிறது. எதிர்காலத்தின் நகரமாகவே திட்டமிட்டுக் கட்டப்பட்ட பிரேசிலியாவைத் தம் உழைப்பால் எழுப்பியவர்களின் குடிசைகள் 1971இல் அகற்றப்பட்டு, அவர்கள் தொலைவில் குடியேற்றப்பட்டதால் உருவான ஊர் அது. அங்கே 1986இல் கறுப்பின இளைஞர்கள் கூடும் ஒரு நடனக் கூடத்துக்குள் காவல்துறை நுழைந்து, வெள்ளையர் வெளியேறலாம், கறுப்பர் இருக்க வேண்டும் என்று ஆணையிட்டுத் தாக்கியது. படத்தின் தலைப்பு அந்த ஆணைதான். அன்று நடக்கும் ஆற்றலை இழந்து சக்கர நாற்காலிக்கு வந்த ஒருவரும், காலை இழந்த மற்றொருவரும் படத்தில் ஏறத்தாழத் தாமாகவே தோன்றுகின்றனர். அவர்களின் நினைவுகூரலாக மட்டும் நின்றிருந்தால் இது ஓர் ஆவணப்படம். ஆனால் 2073ஆம் ஆண்டிலிருந்து ஒரு முகவர், கறுப்பினத்தவருக்கும் விளிம்புநிலையினருக்கும் இழைத்த குற்றங்களுக்காகப் பிரேசில் அரசின்மீது வழக்குத் தொடரச் சான்று திரட்ட அனுப்பப்படுகிறார். அவருடைய கால எந்திரம், காலி மனையில் கிடக்கும் ஒரு சரக்குப் பெட்டகம். விளக்கு மினுங்க, பெட்டகம் குலுங்க, உள்ளே அவர் தடுமாறுகிறார், பயணம் முடிந்துவிடுகிறது. பிரேசிலியாவுக்குள் நுழையப் புறநகர் மக்களுக்குக் கடவுச்சீட்டு வேண்டும் என்பது படத்தின் மற்றொரு கற்பனை. அந்த மக்களின் அன்றாட அனுபவத்திலிருந்து அது ஓரடி தூரம்தான் விலகியுள்ளது. சக்கர நாற்காலியில் இருப்பவர் தம் வீட்டின் அடித்தளத்திலிருந்து வானொலி நடத்தியபடி, புறநகரின் ஒலிகளையும் பாடல்களையும் சேர்த்துத் தலைநகரைத் தகர்க்கும் ஒலிக்குண்டு ஒன்றைச் செய்கிறார். குண்டு வெடிப்பதைக் காட்டப் பணம் ஏது? கையால் வரைந்த ஓவியங்கள் அந்த அழிவைக் காட்டுகின்றன. நடந்த குற்றத்துக்கு நிகழ்காலத்தில் நீதி கிடைக்காதபோது, அறிவியல் புனைவை ஒரு நீதிமன்றமாக ஆக்கியது கேய்ரோஸின் சாதனை.

நாட்டின் எல்லையையே பொருளாகக் கொண்ட படங்களும் இவ்வரிசையில் உண்டு. அலெக்ஸ் ரிவேராவின் ‘ஸ்லீப் டீலர்’ (2008) மெக்சிகோவின் தீஹுவானாவில், உடலில் கம்பிகளைச் செருகிக்கொண்டு எல்லைக்கு அப்பால் உள்ள எந்திரங்களை இயக்கும் தொழிலாளரைக் காட்டுகிறது. தொழிலாளரைத் தவிர்த்து உழைப்பை மட்டும் இறக்குமதி செய்யும் இக்கற்பனை, 1997இல் அவர் எடுத்த ஒரு குறும்படத்திலேயே முளைத்தது. பாலஸ்தீனக் கலைஞர் லாரிசா சான்சூரின் ‘நேஷன் எஸ்டேட்’ (2012) ஒன்பது நிமிடமே ஓடும்: நாடு கோரியோருக்கு ஒரே ஓர் அடுக்குமாடிக் கட்டடம் நாடாகத் தரப்பட்டிருக்கிறது, ஒவ்வொரு நகரமும் ஒரு தளம், சோதனைச் சாவடிகளுக்குப் பதில் மின்தூக்கி. சொந்த நிலத்தில் கேமராவை வைப்பதே அனுமதிக்குரிய ஒன்றாக இருக்கும் மக்களுக்கு, மேற்சொன்ன ‘தெருவில் எடுக்கும்’ வழி திறந்திருக்கவில்லை. எனவே சான்சூர் கணினியால் ஆன வழவழப்பான உலகத்தைத் தேர்ந்தார். இடமே பறிக்கப்பட்டோரின் படத்தில் இடமின்மைதான் தெரிய முடியும் என்ற வகையில், இக்கட்டுரையின் வாதத்துக்கு அது ஒரு விலக்கும் ஒரு திருத்தமும் ஆகும்.

உண்மையான இடத்தில் எடுப்பதே ஒரு படத்துக்கு நேர்மையைத் தந்துவிடும் என்று கொள்வது தவறு. கேரத் எட்வர்ட்ஸ் 5 இலட்சம் டாலருக்கும் குறைவான செலவில், ஒரு சிறு குழுவோடு மத்திய அமெரிக்க நாடுகளில் பயணம் செய்து எடுத்த ‘மான்ஸ்டர்ஸ்’ (2010) தொழில்நுட்ப அளவில் வியப்புக்குரியது. வழியில் கண்ட சாலைப் பலகைகளில் அபாய எச்சரிக்கைகளைத் தாமே கணினியில் சேர்த்தார், டெக்சாஸில் புயல் சிதைத்த வீடுகளை விண்விலங்குகள் சிதைத்தவையாகக் காட்டினார். அமெரிக்க எல்லையில் எழுப்பிய பெருஞ்சுவர் அதன் அரசியல் பொருளை ஐயமின்றிச் சொல்கிறது. ஆயினும் கதை இரண்டு அமெரிக்கர்களுடையது. வழியில் வரும் உள்ளூர் மக்கள் உதவுகின்றனர், படகோட்டுகின்றனர், பிறகு காணாமற்போகின்றனர். நீல் பிளாம்காம்பின் ‘டிஸ்ட்ரிக்ட் 9’ (2009) பற்றிய மனக்குறை இன்னும் கடுமையானது. அதன் மூலமான ‘அலைவ் இன் ஜோபர்க்’ குறும்படத்தில், ஜிம்பாப்வேயிலிருந்து வந்த அகதிகளைப் பற்றி ஜோகன்னஸ்பர்க் மக்கள் உண்மையாகச் சொன்ன வெறுப்பு மொழிகளே வேற்றுக் கோளினரைப் பற்றிய பேட்டிகளாக வைக்கப்பட்டன; சில நிமிடங்களில் ஒரு சமூகத்தை அதன் வாயாலேயே காட்டிக்கொடுத்த அம்முறை மறக்க முடியாதது. அதுவே 3 கோடி டாலர் முழுநீளப் படமானபோது, நிறவெறி ஆட்சி கேப் டவுனின் ஆறாம் வட்டத்து மக்களை வெளியேற்றிய வரலாறு தலைப்பிலேயே எதிரொலித்தாலும், நைஜீரியர்கள் வேற்றுக் கோளினரின் மாமிசம் தின்னத் துடிக்கும் கும்பலாகச் சித்திரிக்கப்பட்டனர்; நைஜீரிய அரசு படத்தைத் திரையிட வேண்டாம் என்று அரங்குகளைக் கேட்டுக்கொண்டது. அயலவர் வெறுப்பைக் கண்டிக்க வந்த படம் வேறோர் அயலவர்மீது அவ்வெறுப்பையே வார்த்தது. பணம் பெருகியதால்தான் இது நேர்ந்தது என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் குறும்படத்தில் மக்கள் தாமே பேசினர், பெரும்படத்தில் அவர்களுக்காகத் திரைக்கதை பேசியது என்ற வேறுபாடு கண்கூடானது.

ஆண்டு குறிப்பிட்டு எடுக்கப்பட்ட எதிர்காலப் படங்களுக்கு, அந்த ஆண்டு கடந்துபோகும் நாள் ஒரு தேர்வு நாள். பெருஞ்செலவுப் படங்கள் பெரும்பாலும் பறக்கும் கார் வந்ததா, வரவில்லையா என்று சோதிக்கப்படுகின்றன. கேமரூன் இயக்குநர் ழான்-பியர் பெக்கோலோவின் ‘லே சேஞான்’ (2005) அப்படிச் சோதிக்க முடியாத படம். இருபது ஆண்டு தள்ளி, 2025ஆம் ஆண்டின் யாவுண்டேயில், உயர் அதிகாரி ஒருவர் ஓர் இளம்பெண்ணின் படுக்கையில் இறந்துபோக, அவளும் தோழியும் அந்தப் பிணத்தை அப்புறப்படுத்த இரவெல்லாம் அலைகின்றனர். டிஜிட்டல் கேமராவில், ஊதாவும் சிவப்புமான இரவு விளக்குகளில் எடுக்கப்பட்ட நகரத்தில் எதிர்காலப் பொருள் என்று சொல்லத்தக்கவை மிகச் சில. அதிகாரிகளின் ஊழலும் இளைஞரின் வழியின்மையும் 2005இல் இருந்தவாறே தொடர்கின்றன. இடையிடையே தோன்றும் எழுத்துப் பலகைகள், எதிர்காலம் இல்லாத நாட்டில் எதிர்காலப் படத்தை எவ்வாறு எடுப்பது என்று பார்வையாளரையே கேட்கின்றன. தணிக்கையினர் படத்தை வெளியிட அனுமதிக்கத் தயங்கினர். 1982 முதல் கேமரூனின் அதிபராக இருக்கும் பால் பியா, படம் குறித்த 2025ஆம் ஆண்டு வந்து சேர்ந்தபோதும் அதே பதவியில் இருந்தார்.